தோட்டத்தில் இருந்துகொண்டு பிள்ளை பெறுவது: பிங்க் புத்தகத்திலிருந்து பாட்டியின் குரல் வரை

நான் கல்யாணமாகி, மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் வந்தவள். டவுனிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் வீடு. முதல் பிள்ளை உண்டானபோது எங்கே போவது, எந்தக் காகிதம் வேண்டும், யாரைக் கேட்பது என்று ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் இரண்டு முறை அலைந்துதான் முடித்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

பிள்ளையின் பெயரைப் பதியப் போன இடத்தில்தான், எங்கள் வீட்டில் பெரியவர்கள் பெயர் எதுவுமே ஒழுங்காக எழுதப்படவில்லை என்று தெரிந்தது. அதனால் காகித வேலையோடு, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைக்கவேண்டியதையும் சேர்த்தே சொல்கிறேன். கர்ப்ப காலத்தில்தான் இரண்டுக்கும் நேரம் கிடைக்கும். பிள்ளை வந்த பிறகு உட்காரக்கூட நேரம் இருக்காது.

1. 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்

வீட்டிலேயே சோதித்து இரண்டு கோடு வந்தாலும், அரசாங்க கிளினிக்கில் பதிந்தால்தான் கணக்கு. டவுனில் இருப்பது கிளினிக் கெசிஹாத்தான். பக்கத்துக் கிராமத்தில் கிளினிக் டேசா இருந்தால் அங்கேயும் போகலாம். மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம் என்று வீட்டில் சொல்வார்கள். ஊருக்குச் சொல்லவேண்டாம், சரி. கிளினிக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சீக்கிரம் எடுக்கும் ஸ்கேனில்தான் பிள்ளையின் வயது சரியாகத் தெரியும். தள்ளிப் போனால் பிரசவ தேதி குழம்பும். அந்தத் தேதியை நம்பித்தான் பின்னால் லீவு, ஆஸ்பத்திரி எல்லாம்.

கொண்டுபோக வேண்டியவை: உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை), கணவர் ஐ.சி.யின் நகல், கல்யாணப் பத்திரத்தின் நகல், கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி, சாப்பிடும் மருந்துகளின் பெயர். தேதி நினைவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். முதல் நாள் காலை முழுக்கப் போய்விடும். உயரம், எடை, பிரஷர், சிறுநீர் பார்ப்பார்கள். இரத்தம் எடுத்து இரத்த வகை, இரத்த அளவு, எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெப்படைடிஸ் பி எல்லாம் சோதிப்பார்கள். எல்லாருக்கும் செய்வதுதான், யாரும் உங்களைச் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை.

அன்றைக்கு ஒரு ரோஸ் நிறப் புத்தகம் கொடுப்பார்கள். எல்லாரும் பிங்க் புத்தகம் என்றுதான் சொல்கிறோம். ஒன்பது மாதமும் உங்கள் கையைவிட்டு அது போகக்கூடாது. டவுனுக்குச் சாமான் வாங்கப் போனாலும் பையில் இருக்கட்டும். வழியில் ஏதாவது ஆனால், உங்களைப் பார்த்திராத டாக்டருக்கு உங்களைப் பற்றிச் சொல்லப்போவது அந்தப் புத்தகம்தான். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் புதிதாக எழுதிய பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் புத்தகம் மழையில் நனைந்து பாதி எழுத்து ஓடிவிட்டது.

2. கல்யாணம் பதிவாகியிருக்கிறதா?

நான் எழுதுவதிலேயே முக்கியமானது இதுதான். இதைப் படித்ததும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

கோயிலில் தாலி கட்டி, ஊரே வந்து சாப்பிட்டுப் போயிருக்கும். ஆனால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பிறகு நடந்த கல்யாணம் எதுவானாலும் பதிவாகியிருக்க வேண்டும். சடங்கு மட்டும் போதாது. சில கோயில்களில் பதிவதிகாரி இருப்பார், அங்கேயே கையெழுத்து முடிந்திருக்கும். அப்படி இல்லையென்றால் ஜே.பி.என். எனும் தேசியப் பதிவிலாகாவில் தனியாகப் பதியவேண்டும். கோயிலில் கொடுத்த இரசீதையே பத்திரம் என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பதியாவிட்டால் என்ன ஆகும்? பிள்ளை சட்டப்படி தாயின் பிள்ளையாக மட்டும் பதிவாகும். தகப்பன் விவரம் வரவேண்டுமானால் தாயும் தகப்பனும் சேர்ந்து நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். குடியுரிமையும் தாயைப் பொறுத்தது. தாய்க்குக் குடிமக்களின் நீல ஐ.சி. இருந்தால் பிழைத்தோம். தாய் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவராகவோ, பத்திரமே இல்லாதவராகவோ இருந்தால், தகப்பன் மலேசியர் என்பதால் மட்டும் பிள்ளை மலேசியராகிவிடாது. பிள்ளைக்குக் குடியுரிமை இல்லாமல் போகும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஐ.சி. என்று எல்லா இடத்திலும் அந்தப் பிள்ளை நிற்கும். தோட்டப்புறங்களில் இப்படி நிற்கும் பிள்ளைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். முக்கால்வாசி, பெற்றவர்கள் தள்ளிப்போட்ட ஒரு கையெழுத்தால் வந்தது.

பதியப் போனால் அறிவிப்புக்காக 21 நாள் காத்திருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் ஓடினால் நேரம் போதாமல் போகலாம். நான்காம் மாதத்தில் முடித்துவிடுங்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கையெழுத்துப் போட வெட்கமாக இருக்கிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். வெட்கம் அரை மணி நேரம்தான், பிள்ளையின் காகிதம் ஆயுசுக்கும்.

3. மாதாந்திரச் சோதனை: சீனித் தண்ணியும் வண்ண ஒட்டுகளும்

பிங்க் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டு ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸி (நர்ஸ்) பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கவேண்டும். மஞ்சள் என்றால் பெரிய டாக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள், 48 மணி நேரத்துக்குள் போகவேண்டும். சிவப்பு என்றால் அப்போதே. நிறம் மாறினால் என்ன காரணம் என்று கேளுங்கள். மலாய் வேகமாகப் பேசினால் புரியவில்லை என்று சொல்லுங்கள், மெதுவாகச் சொல்வார்கள்.

சீனித் தண்ணி சோதனை நம்மவர்களுக்குத் தப்பாது. முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு இரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணியைக் குடித்து 2 மணி நேரம் கழித்து இன்னொரு இரத்தம். வெறும் வயிற்றில் 5.1 அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8, இரண்டில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பார்கள். நான் முதல்முறை காலையில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனேன். அது கணக்கா என்று நினைத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு வாரம் போனது. வாந்தி எடுத்தாலும் மறுபடி வரவேண்டும், அதனால் மெதுவாகக் குடியுங்கள். பக்கத்தில் நிழலாக உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

தேத்தண்ணி என்றதும் இன்னொன்று. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடும் காப்பியோடும் சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. தண்ணியோடு விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு பிள்ளை அசைவதை எண்ணச் சொல்லி அட்டவணை தருவார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி பத்து அசைவு எண்ணவேண்டும். இரவு 9 ஆகியும் பத்து வரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. வழக்கத்தைவிட ரொம்பக் குறைந்துவிட்டது என்று மனதில் பட்டால் இரவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இரத்தம் பட்டாலோ, தண்ணிக்குடம் உடைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அதே கதைதான், உடனே கிளம்புங்கள்.

4. வேலை செய்கிறவர்கள்: கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள்

2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் தனியார் துறைப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 98 நாள். முன்பு 60 நாள். இன்னும் 60 என்றே நினைத்துக்கொண்டிருக்கும் முதலாளிகள் உண்டு. நான் வேலை பார்த்த கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள், அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு சரி என்றார்கள். சம்பளத்தோடு விடுப்பு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தின 9 மாதத்தில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்தில் எப்போதாவது அங்கே வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். 5 பிள்ளை வரைக்கும் இது பொருந்தும். பிரசவ தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் விடுப்பைத் தொடங்க முடியாது.

இரண்டு மாதம் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கணவருக்கும் 7 நாள் உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் முடித்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன் சொல்லவேண்டும், கல்யாணம் சட்டப்படி இருக்கவேண்டும். இங்கேயும் இரண்டாம் படி வந்து நிற்கிறது பாருங்கள்.

5. செலவு

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கர்ப்பச் சோதனைக்குக் காசு கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). தனியாரில் சாதாரணப் பிரசவத்துக்கே சில ஆயிரம் ஆகும், அறுவை என்றால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். தனியாரில் ஸ்கேன் பார்க்க ஆசையாக இருந்தால் ஒன்றிரண்டு முறை பாருங்கள், ஆனால் அரசாங்கப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

மனைவி வெளிநாட்டுக்காரர் என்றால் கட்டணமே வேறு. முன்பணமும் கேட்பார்கள், தொகையும் பெரிது. ஐந்தாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டு, பாஸ்போர்ட்டையும் விசாவையும் பிரசவ தேதியைத் தாண்டிச் செல்லும்படி புதுப்பித்து வையுங்கள்.

எங்களுக்கு உண்மையில் கையைக் கடித்த செலவு கார்தான். ஆபத்து எதுவும் இல்லாதவர்களே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் சிக்கல் என்றாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, டவுனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எட்டாம் மாதத்துக்குப் பிறகு வாரா வாரம் போக்குவரத்து. பெட்ரோல், டோல், சாப்பாடு, துணைக்கு வருகிறவர் விடும் ஒரு நாள் சம்பளம், எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

6. பையும் இரவு வழியும்

36 வாரத்தில் பையைக் கட்டிவிடுங்கள். பிங்க் புத்தகம், இரண்டு பேர் ஐ.சி., கல்யாணப் பத்திரம் நகல், சாரம் (கைலி) மூன்று, பிள்ளைத் துணி, நாப்கின், பெரிய பேட், சுடுதண்ணி ஃப்ளாஸ்க். மற்றதெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

தோட்டத்தில் பெரிய பிரச்சினை இரவில் வண்டி. கிராப் வாடகைக் கார் உள்ளே வராது. எங்கள் தோட்டத்து கேட் இரவு பூட்டியிருக்கும். ஜாகாவிடம் (காவலாளியிடம்) முன்கூட்டியே சொல்லி, அவர் நம்பரை வாங்கி வைத்தோம். கார் உள்ள வீடு இரண்டு பேசி வையுங்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். அவசரம் என்றால் 999. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பக்கத்தில் உள்ள கோயில், மில் எதையாவது சொல்லுங்கள். தோட்டத்துப் பாதை எல்லாம் ஒரே மாதிரி செம்பனைதான், இருட்டில் வெளியாளுக்குத் தெரியாது. வழியில் ஆளை நிறுத்தி வைப்பது உத்தமம்.

7. ஏழாம் மாதத்தில் பாட்டியோடு உட்காருங்கள்

இதற்கு காகிதமும் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் தள்ளிப்போட்டால் திரும்ப வராதது இதுதான்.

என் கணவரின் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் பிள்ளைகள் எல்லாரும் லயத்து வீட்டிலேயே பிறந்தவர்கள். வளைகாப்பு முடிந்த வாரம், பத்திய மருந்துக்கு என்னென்ன சாமான் என்று கேட்கப் போய், போனில் பதிவு பண்ண ஆரம்பித்தேன். சுக்கு, மிளகு, ஓமம், சதகுப்பை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் தன்னுடைய அம்மா யாருக்கெல்லாம் இதை இடித்துக் கொடுத்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். அதில் இரண்டு பெண்களின் பெயர் என் மாமியாருக்கே தெரியாது. கடைசியில், ஐ.சி.யில் இருக்கும் பெயர் தன் பெயரே இல்லை என்றார். "கிராணி எழுதினது அது. எங்கம்மா வச்சது வேற." கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. அம்மா வைத்த பெயரைச் சொன்னார். வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

செய்யும் முறை இப்படி. ஃபேனை நிறுத்துங்கள், டி.வி.யை அணையுங்கள். போனை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்தால் இரைச்சல் வராது. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், அவருக்குக் களைப்பாகிவிடும். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. கையில் பிடிக்கிற மாதிரி கேளுங்கள். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு? தண்ணி எங்கே பிடித்தீர்கள்? பிள்ளை பிறந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், மருத்துவச்சியா, தோட்டத்து டிரெசரா (மருத்துவ உதவியாளரா)? வேலைக்குப் போகும்போது பிள்ளையை விடும் ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள்? பிறந்து தங்காத பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தீர்களா? கடைசிக் கேள்வியைப் பார்த்துக் கேளுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆண்டு தெரியாது என்பார். ஆண்டு வேண்டாம், "மூத்தவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்" என்று சொன்னால் அதையே எழுதுங்கள், பின்னால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கே பதிவுக்குப் பெயர் போடுங்கள், யார், எந்த நாள், எந்த ஊர் என்று. இல்லாவிட்டால் போனில் வெறும் நம்பராகத்தான் கிடக்கும்.

8. முதல் மாதம்: மிஸ்ஸி, மஞ்சள், பாச்சை உருண்டை

வீடு வந்த பிறகு மிஸ்ஸி வீட்டுக்கே வருவார். முதல் 4 நாள் தினமும், பிறகு 6, 8, 10, 20-ஆம் நாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். உங்கள் கிளினிக்கில் ஒரு விலாசம் இருக்கும், நீங்கள் வேறு மாநிலத்தில் இருப்பீர்கள், மிஸ்ஸி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். எந்த வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த ஊர்க் கிளினிக்குக்கும் தெரியப்படுத்துங்கள்.

பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டால் காலை வெயிலில் காட்டு என்பார்கள். நாங்களும் காட்டிக்கொண்டு ஒரு நாள் போக்கினோம். அளவு ஏறி, இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் விளக்கின் கீழே வைத்தார்கள். வெயில் அதற்கு வைத்தியம் இல்லை. கண்ணும் வயிறும் மஞ்சளானால், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், கிளினிக்குக்குப் போய்க் குதிகாலில் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்புளில் சாம்பலும் மஞ்சளும் வைக்கவேண்டாம், காய்ந்திருந்தால் போதும், தானாக விழும். விழுந்த கொடியை எங்கள் வீட்டில் வெள்ளித் தாயத்தில் வைத்தார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, தேதி எழுதிய துண்டுக் காகிதத்தோடு வையுங்கள்.

பிறந்ததும் ஜி6பி.டி. என்று ஒரு சோதனை செய்திருப்பார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் வாடையே ஆகாது, இரத்த அணுக்கள் உடையும், மஞ்சள் ஏறும். எங்கள் வீட்டில் தொட்டில் கட்டப் பாட்டியின் சேலையை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். கருநீலம், மஞ்சள் கரை, மடிப்பில் நூல் விட்டிருந்தது, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை உருண்டை. அறை முழுக்க அந்த வாடை. மிஸ்ஸி உள்ளே வந்ததும் முகர்ந்துவிட்டு, முதலில் பெட்டியை வெளியே வையுங்கள் என்றார். எங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை, ஆனாலும் வைத்தோம். சேலையை மூன்று தடவை துவைத்து, நான்கு நாள் காற்றில் போட்ட பிறகுதான் தொட்டில். பழைய துணி, பழைய படப் பெட்டி எதைத் திறந்தாலும் பிள்ளை இல்லாத இடத்தில் திறங்கள்.

தடுப்பூசிக்குப் பிள்ளையின் புத்தகத்தில் தேதி எழுதித் தருவார்கள். பிறந்ததும் பி.சி.ஜி., ஹெப்படைடிஸ் பி. பிறகு 2, 3, 5 மாதத்தில் ஆறு நோய்க்கான ஒரே ஊசி, 4, 6 மாதத்தில் நிமோகாக்கல், 9, 12 மாதத்தில் தட்டம்மை ஊசி. ஒன்று தவறினால் அதற்காக நிறுத்திவிடாதீர்கள், போய்க் கேட்டால் போட்டுவிடுவார்கள்.

உங்களுக்குக் காய்ச்சல், நாற்றத்தோடு இரத்தம், கெண்டைக்காலில் வீங்கி வலி இருந்தால் பத்தியம் முடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தாலும் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

9. பிறப்புப் பதிவு: 60 நாள்

பிறந்து 60 நாளுக்குள் ஜே.பி.என்.னில் பதியவேண்டும். இந்த நாளுக்குள் என்றால் காசு இல்லை. தாண்டினால் தாமதப் பதிவு, வேறு பாரம், விசாரணை, சாட்சி, மாதக்கணக்கில் காத்திருப்பு. முப்பதாம் நாள் சடங்கைக் கழித்துவிட்டுப் போகலாம் என்பது சரிதான், ஆனால் ஐம்பதாம் நாள் வரை இழுக்காதீர்கள். தீபகற்பத்தில் பிறந்த பிள்ளையைத் தீபகற்பத்தில் எந்த ஜே.பி.என். கிளையிலும் பதியலாம்.

கொண்டுபோக வேண்டியவை: ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்பு உறுதிக் காகிதம், இருவரின் அசல் ஐ.சி., அசல் கல்யாணப் பத்திரம், பிங்க் புத்தகம், ஜே.பி.என்.எல்.எம்.01 பாரம். அசல் என்று நான் சொல்வதை அழுத்திப் படியுங்கள். நகலோடு போய், திரும்பி வந்து, மறுபடி போனவள் நான். வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானம் 12.15-லிருந்து 2.45 வரை கவுண்டர் மூடியிருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்க வேண்டும். செவ்வாய், புதன் காலை முதல் ஆளாகப் போங்கள்.

இப்போது பெயர். அச்சடிக்கும் முன் விவரங்களைப் பார்க்கச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். என் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், கணவர் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு எழுத்து குறைகிறது. திருத்த மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆதாரம், மறுபடி ஒரு நாள் சம்பளம்.

தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். யாழினி என்றால் ழகரத்துக்கு எல் போடுவதா, இசட் எச் போடுவதா? இளங்கோ என்றால் ஈ-யில் தொடங்குவதா, ஐ-யிலா? கவுண்டரில் வாயால் சொன்னால் காதில் விழுந்தபடிதான் எழுதப்படும். பாட்டிக்கு நடந்தது அதுதானே. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் தகப்பன் பெயர் அவர் ஐ.சி.யில் உள்ள எழுத்துப்படிதான் வரும். என் கணவர் ஐ.சி.யில் உள்ள அவர் அப்பா பெயரும், மாமனார் ஐ.சி.யில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இல்லை என்று அன்றுதான் கவனித்தோம். கணவர் பெயரில் ஏற்கெனவே தவறு இருந்தால் பிள்ளைக்குப் பதியும் முன் அதைத் திருத்த முடியுமா என்று கர்ப்ப காலத்திலேயே கேட்டு வையுங்கள்.

பத்திரத்தோடு பிள்ளைக்கான அடையாள அட்டையான மைகிட்டும் கிடைக்கும், முதல் அட்டைக்குக் காசு இல்லை. பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் ஒன்று கேட்பார்கள்.

10. ஸ்கேன் படமும் பழைய படங்களும்

ஸ்கேன் படம் வருவது சூட்டில் அச்சாகும் தாளில். ஒன்றிரண்டு வருடத்தில் மங்கத் தொடங்கும். அழகாக இருக்கட்டும் என்று லேமினேட் கடைக்குக் கொடுத்தால் சூட்டில் மொத்தமும் கறுத்துப்போகும். என் முதல் ஸ்கேன் அப்படித்தான் போனது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. வாங்கிய அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

பழைய கல்யாணப் படங்கள் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துக் கிழிக்காதீர்கள். ஆல்பத்தோடு வைத்தே மேலிருந்து படம் எடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு மெதுவாக அறுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான், பேனா மை முன்பக்கம் ஊறும். யார் யார் என்று பாட்டியிடம் காட்டிக் கேட்டு எழுதுங்கள். மாமியாருக்குத் தெரியும் என்று நினைத்ததில் பாதி மாமியாருக்குத் தெரியவில்லை. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அடுப்படி ஓரத்து அலமாரியில் வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வையுங்கள்: உங்கள் போன், ஒரு பென்டிரைவ், வேறு வீட்டில் இருக்கும் நாத்தனாரோ தம்பியோ. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தண்ணி ஏறியபோது ஒரே அலமாரியில் இருந்த மொத்தமும் போனது.

பதிவுகளைப் பிறகு கேட்கும்போது நடுவில் இருக்கும் சத்தங்களை வெட்டாதீர்கள். என்னுடைய இரண்டாவது பதிவு பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் எடுத்தது. பாட்டி தன் அம்மா பெயரைச் சொல்ல வாயெடுக்கிறார், பிள்ளை அழுகிறாள், "தூக்கு தூக்கு, நான் எங்க போகப்போறேன்" என்கிறார். தொட்டில் கயிறு உரசும் சத்தம் கொஞ்ச நேரம். அப்புறம் பெயரைச் சொல்கிறார்.